அடைப்புக்குள் அடைப்பு

விக்கிரமாதித்தன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு பயிற்சி அவர்கள் அறியாமலே கைவந்திருக்கும். சிம்மாசனத்தில் ஏறப்போன போஜராஜனைப் படியிலிருந்த பதுமை தடுத்து நிறுத்தி ஒரு கதை சொல்லத் தொடங்கும். அந்தக் கதைக்குள் வருகிற வேதாளம் தன் பங்குக்கு வேறொரு கதையை விரிக்கும். வேதாளத்தின் கதையிலே ஒரு மந்திரிகுமாரனோ வணிகன் மகளோ நாலு வார்த்தை பேச வாயைத் திறந்தால் அங்கே இன்னும் ஒரு கதை முளைத்துவிடும். கேட்டுக்கொண்டிருக்கிற குழந்தையோ, உள்கதை முடிந்ததும் வேதாளத்திடமும், வேதாளம் முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டதும் பதுமையிடமும், பதுமை வாய்மூடியதும் போஜராஜனிடமும் தவறாமல் திரும்பி வந்துவிடும். எந்த இடத்தில் எந்தக் கதை திறந்தது, எது இன்னும் மூடாமல் இருக்கிறது என்ற கணக்கு அதன் மனத்தில் ஓடிக்கொண்டே இருப்பதனால் அல்லவா இது கூடுகிறது?

கணிப்பொறிக்கு இந்தப் பயிற்சி பிறவியில் வாய்த்ததன்று. வரிசையாக எண்ணிட்ட நினைவறைகளை மாத்திரமே உடைய அந்த யந்திரத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக வருவது தெரியுமேயன்றி, ஒன்றனுள் ஒன்றாக இருப்பது தெரியாது. அஞ்சறைப் பெட்டியைப் போலக் கடுகுக்கு ஓர் அறை, சீரகத்துக்கு ஓர் அறை என்று தட்டையாகப் பகுத்துக் கொடுத்தால் அது சந்தோஷமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் உலகத்து விஷயங்கள் அஞ்சறைப் பெட்டிக்கு அடங்குவனவாக இல்லை. ஒரு கடைக்கு வந்த ஆர்டர் என்றால் அதற்குள் வாங்குகிறவருடைய விலாசம் ஒன்று, சரக்குகளின் பட்டியல் ஒன்று; பட்டியலுக்குள் ஒவ்வொரு சரக்குக்கும் பெயரும் விலையும் எண்ணிக்கையும்; அந்தச் சரக்கே நாலைந்து உறுப்புகள் கொண்டதானால் அதற்குள் மற்றொரு பட்டியல். இவ்வாறு அடைப்புக்குள் அடைப்பாக எழுதி வைத்த தகவலை, ஸ்கிரிப்ட் மொழிகள் என்று வழங்கும் எளிய நிரல்மொழிகள் வாசிக்கக் கற்றுக்கொண்ட வரலாறு சுவாரசியமானது. அதை யோசித்துப் பார்க்கும்போது, வாசிப்பது வேறு, வாசித்தபடி நடப்பது வேறு என்னும் ஒரு சின்ன பேதத்தைத் தட்டுத் தடுமாறிக் கண்டுகொண்ட சரித்திரமாகவே எனக்கு அது தோன்றுகிறது.

எழுத்தறியாத கிழவி ஒருத்தி தனக்கு வந்த கடிதத்தை அடுத்த வீட்டுப் பையனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'மாட்டை விற்றுவிடவும்' என்று கடிதத்தில் எழுதியிருந்தால் பையன் அதைப் படித்துக் காட்ட வேண்டுமேயல்லாமல், கடிதத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு மாட்டைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. கிராமத்துப் பையனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத இந்த விவேகம் கணிப்பொறி உலகத்துக்குச் சித்திக்க ஏறக்குறைய ஐம்பது வருஷம் பிடித்தது.

அந்த ஐம்பது வருஷத்தின் தொடக்கத்தில் நிற்பவர் ஜான் மெக்கார்த்தி. 1958-ஆம் வருஷம் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் வகுக்கத் தொடங்கி, 1960 ஏப்ரலில் ஒரு கட்டுரை வாயிலாக உலகத்துக்கு அறிவித்த லிஸ்ப் என்னும் மொழியிலேதான், பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் மற்றொரு பட்டியல் என்று எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் போகக்கூடிய அமைப்பு முதன்முதலாகத் தெளிவான உருவம் பெற்றது. அதை எழுதுவதற்கு அவர் கைக்கொண்ட உபாயம் பிறை அடைப்பு ஒன்றே. தகவலைப் பிறை அடைப்பில் எழுதுவது, நிரலை மட்டும் கணித நூல்களின் பாணியில் வேறு விதமாக எழுதுவது என்பதே அவருடைய ஆதி சங்கற்பம். நிரலையும் தகவலைப் போலப் பிறை அடைப்பிலேயே எழுதிவிடலாம் என்று நிரூபிக்கும் பொருட்டு, அப்படி எழுதிய நிரலுக்குப் பொருள் காணும் சூத்திரம் ஒன்றை அவர் காகிதத்தில் வரைந்தார். அதற்கு 'இவால்' என்று பெயர். அவரிடம் வேலை பார்த்த ஸ்டீவ் ரஸ்ஸல் என்ற இளைஞர் அதைப் பார்த்துவிட்டு, இதையே ஐபிஎம் 704 யந்திரத்தின் பாஷையில் எழுதிவிட்டால் என்ன என்றார். அந்தச் சூத்திரம் மனிதர் வாசித்து அறிவதற்காக எழுதப்பட்டதே ஒழிய யந்திரம் நடத்திக் காட்டுவதற்காக அன்று என்று மெக்கார்த்தி மறுத்தாராம். ரஸ்ஸல் கேட்கவில்லை. எழுதினார், அது வேலை செய்தது. அன்று முதல் லிஸ்பில் தகவலுக்கும் நிரலுக்கும் வேஷம் ஒன்றாகிவிட்டது. பின்னால் வந்தவர்கள் அந்த மொழியின் பேரழகு என்று கொண்டாடுவதும் அதனைத்தான். பிற்காலத்துத் தொல்லைகள் பலவற்றின் வித்தும் அங்கேதான் விழுந்தது என்று சொன்னால் லிஸ்ப் பக்தர்கள் என்மேல் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

வியாபார உலகம் வேறு வழியில் போயிற்று. 1960-ஐ ஒட்டிப் பிறந்த கோபால் மொழியில் அடுக்கைக் காட்ட அடைப்புக்குறி கிடையாது; 01 முதல் 49 வரையுள்ள படிநிலை எண்களை இட்டு, பெரிய எண் சிறிய எண்ணுக்குள் அடக்கம் என்று காட்டினார்கள். சந்திரனுக்கு மனிதரை அனுப்பும் அப்போலோ முயற்சியிலே, சாட்டர்ன் ஐந்து ராக்கெட்டின் உறுப்புகளையும் உறுப்பின் உறுப்புகளையும் கணக்கு வைப்பதற்காக 1966-இல் தொடங்கிச் சமைத்த ஐஎம்எஸ் என்ற ஐபிஎம் தகவல்களஞ்சியம், விருட்சம் கிளைத்தாற்போல் தகவலை அடுக்கிற்று. ஆனால் 1970-இல் அதே ஐபிஎம்மின் ஆராய்ச்சிசாலையிலிருந்து எட்கர் காட் ஒரு கட்டுரை எழுதி, அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் மற்றோர் அட்டவணையை வைக்காதீர்கள், எல்லாவற்றையும் பிரித்துத் தட்டையாக்கிவிடுங்கள் என்று உபதேசம் செய்தார். அதற்கு நல்ல நியாயங்கள் இருந்தன, உலகமும் ஏற்றுக்கொண்டது. அஞ்சறைப் பெட்டிக்கு மறுபடியும் ராஜயோகம்.

யூனிக்ஸ் இயங்குதளத்தைப் படைத்த பெல் ஆராய்ச்சிசாலையிலும் தட்டையான தகவலே இஷ்டதெய்வம். ஒரு வரி ஒரு பதிவு, இடைவெளி விட்டது ஒரு கட்டம் என்பது அவர்கள் கட்சி. 1977-இல் ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவர் செய்து, தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளையே பெயராக இட்ட 'ஆக்' என்னும் சிறு மொழி, இந்தக் காரியத்துக்கென்றே அமைந்தது. எண்ணால் மட்டுமின்றிப் பெயராலும் அழைக்கத்தக்க அறைகள் அதில் இருந்தன என்பது பெரிய சௌகரியம். ஆனால் ஓர் அறைக்குள் எண்ணோ சொல்லோ வைக்கலாமேயன்றி மற்றொரு பெட்டியை வைக்க முடியாது. இரண்டு அடுக்கு வேண்டியவர்கள் இரண்டு பெயர்களையும் நடுவே ஓர் அபூர்வக் குறியிட்டு ஒட்டி, ஒரே நீண்ட பெயராக்கிக்கொண்டார்கள். கோயில் பெயரையும் ஊர்ப்பெயரையும் சேர்த்துத் தன் ஒற்றைப் பெயராக வைத்துக்கொண்ட கவிராயரைப் போன்றது இது. பெயர் நீண்டதே தவிர ஊருக்குள் கோயில் வந்துவிடவில்லை. ஆக்கின் குனு பிரதி பெட்டிக்குள் பெட்டி வைக்க உண்மையாகவே கற்றது 2011-இல்தான்.

ஸ்கிரிப்ட் மொழிகளில் இந்தப் பசி முதன்முதலாகப் பலரும் அறிய வெளிப்பட்டது பெர்லில். லாரி வால் 1987 டிசம்பரில் அதை வெளியிட்டபோது, ஆக்கையும் யூனிக்ஸின் கட்டளைமொழியாகிய ஷெல்லையும் வைத்துச் செய்ய முடியாத அறிக்கைகளைத் தயாரிப்பதே நோக்கம். அந்த நாளையப் பெர்லில் ஒரு விநோதம் உண்டு. இரண்டு கூடைகளை எடுத்து மூன்றாவது கூடைக்குள் வைத்தால், கூடைகள் இரண்டும் மாயமாக மறைந்து பழங்கள் மாத்திரம் பெரிய கூடையில் கலந்து கிடக்கும். எது எந்தக் கூடையிலிருந்து வந்தது என்று பிறகு கண்டுபிடிக்க வழியில்லை. 1994 அக்டோபரில் வந்த ஐந்தாம் பெர்ல் இதற்குப் பரிகாரம் கண்டது. கூடையையே உள்ளே வைக்காமல், கூடை இருக்கும் இடத்தைச் சுட்டுகிற ஒரு சீட்டை உள்ளே வைத்துவிடலாம் என்பதுதான் அந்த யுக்தி. சுட்டு என்ற நம் இலக்கணச் சொல் இதற்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்துகிறது. சுட்டைத் தொடர்ந்து போனால் அங்கே ஒரு கூடை, அதனுள் மற்றொரு சுட்டு, அதைத் தொடர்ந்தால் வேறொரு கூடை என்று எத்தனை ஆழமும் போகலாம். டாம் கிறிஸ்டியான்சன் இதனைப் பழக்குவதற்கென்றே சமையற்குறிப்பு நூலின் பாணியில் எழுதிய பாடங்கள் பெர்லோடு சேர்ந்தே வினியோகமாயின. ஒரு தலைமுறை நிரலாளர்கள் அடுக்குத் தகவலைக் கையாளக் கற்றது அவற்றைக் கொண்டுதான்.

இந்த அடுக்குகளைத் திறந்து கண்ணால் பார்க்க ஒரு கருவி வேண்டுமே. அதைச் செய்து கொடுத்தவர் குருசாமி சாரதி. நம் காதுக்குப் பழகிய பெயராக இருப்பதால் மட்டும் சொல்லவில்லை. பெர்லின் இரண்டு பெரிய பதிப்புகளுக்குப் பொறுப்பேற்று நடத்தியவர் அவர் என்பதனாலும் சொல்கிறேன். அவருடைய 'டேட்டா டம்ப்பர்' எவ்வளவு சிக்கலான தகவலையும் படிப்படியாக உள்தள்ளி அச்சிட்டுக் காட்டும். பெர்ல் எழுதியவர்களில், நள்ளிரவில் ஏதோ ஓர் அடுக்கில் காணாமற்போன மதிப்பைத் தேடி அந்த அச்சை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிராதவர் அரியர். அந்த அச்சு எந்த உருவத்தில் வரும் என்பதுதான் நம் கதைக்கு முக்கியம். அது பெர்ல் நிரலாகவே வரும். கோப்பில் எழுதி வைத்ததை மறுபடி வாசிக்க வேண்டுமானால் 'இவால்' என்று ஏவி அதை நடத்த வேண்டும். தன் கையால் எழுதிய கடிதத்தைத் தானே வாசிக்கும்வரை இதில் மோசமில்லை. அந்நியர் எழுதிய கடிதமானால், அதில் 'கோப்புகளையெல்லாம் அழித்துவிடு' என்று ஒரு வரி இருந்தாலும், வாசிப்பு முடியும்போது மாடு சந்தையில் நிற்கும்.

அதே காலத்தில் பிரேசில் தேசத்தில் ஒரு மொழி வேறொரு வாசல் வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. அந்நியக் கணிப்பொறிச் சாமான்களின் இறக்குமதியை அந்த அரசாங்கம் கடுமையாகத் தடுத்து வைத்திருந்தபடியால், ரியோ டி ஜனேரோவில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சிக் குழுவினர் தங்களுக்கு வேண்டிய கருவிகளைத் தாங்களே செய்துகொள்ளும் பழக்கம் உடையவர்களாயினர். பெட்ரோப்ராஸ் என்னும் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்காகத் தகவலை வருணிப்பதற்கென்றே அவர்கள் டெல், சோல் என்று இரண்டு சிறு மொழிகளை உண்டாக்கினார்கள். வருணித்தால் மட்டும் போதாது, நிபந்தனை வேண்டும், திரும்பத் திரும்பச் செய்தல் வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்கக் கேட்க, 1993-இல் இரண்டும் சேர்ந்து ஒரு முழு மொழியாகப் பிறந்தது. போர்ச்சுகீசிய பாஷையில் சோல் என்றால் சூரியன். ஆகவே புதியதற்கு லூவா, அதாவது சந்திரன், என்று நாமகரணம் செய்தார்கள். தகவலை எழுதும் முறையே முதலில் தோன்றி, அதிலிருந்து மொழி வளர்ந்தது என்பதால், லூவாவில் அடுக்குத் தகவலை எழுதுவது வெகு இயல்பு. நெளி அடைப்புக்குள் பெயரும் மதிப்புமாக எழுதினால் தீர்ந்தது. அதை வாசிப்பதற்கு அந்தக் கோப்பை நிரலாக ஓட்டுவதே வழி என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

வாசிப்பையும் நடத்துதலையும் வேறுபடுத்திய பெருமை, அடுத்து வந்த எக்ஸ்எம்எல்லுக்கு உரியது. அதன் பூர்விகம் 1969-இல் ஐபிஎம்மில் சார்ல்ஸ் கோல்ட்ஃபார்ப் முதலியோர் சட்ட ஆவணங்களுக்காக வகுத்த குறியீட்டு மொழியில் இருக்கிறது. 1998 பிப்ரவரி 10-ஆம் தேதி வலையுலகக் கூட்டமைப்பு எக்ஸ்எம்எல்லைத் தன் பரிந்துரையாக வெளியிட்டது. இது எந்த நிரல்மொழிக்கும் சொந்தமன்று. ஆகவே எந்த மொழிக்காரரும் அதை நடத்திப் பார்க்க முடியாது. ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து, இது தொடக்கக்குறி, இது முடிவுக்குறி என்று பகுத்தே தீர வேண்டும். யாப்பிலக்கணக்காரர் செய்யுளை அசை அசையாக அலகிடுவதைப் போன்ற இந்தக் காரியத்தைத் தொழிலில் உள்ளவர்கள் 'பார்ஸ் பண்ணுவது' என்பார்கள். பார்ஸ் பண்ணுவதிலே இரண்டு மார்க்கங்கள் தோன்றின. ஆவணம் முழுவதையும் வாசித்து விருட்சமாக நினைவகத்தில் நிறுத்திக்கொண்டு பிறகு நிதானமாக உலவுவது ஒன்று. கதாகாலட்சேபம் கேட்பவரைப் போல, வருவதை வரவரக் கேட்டு வேண்டியதை மட்டும் குறித்துக்கொள்வது மற்றொன்று. முந்தியதற்கு நினைவகம் செலவு. பிந்தியதற்கு, எந்தக் கதைக்குள் இப்போது இருக்கிறோம் என்ற ஞாபகம் நிரலாளருக்கே வேண்டும்.

ஆயினும் ஸ்கிரிப்ட் மொழிக்காரர்கள் எக்ஸ்எம்எல்லோடு மனமொத்து வாழவில்லை. அவர்களுக்குத் தெரிந்தவை இரண்டே: வரிசைப் பட்டியல், பெயரிட்ட அறைகள். எக்ஸ்எம்எல்லில் இது பட்டியல், இது தனிப்பொருள் என்று சொல்லும் குறியே இல்லை. பெர்லில் எக்ஸ்எம்எல்லை எளிதாக வாசித்துத் தருவதாகப் பெயரிலேயே வாக்களித்த ஒரு கருவி, ஆர்டரில் இரண்டு சரக்குகள் இருந்தால் பட்டியலாகவும் ஒன்றே இருந்தால் தனிப்பொருளாகவும் கொடுத்துவிடும். பரீட்சித்துப் பார்த்தபோதெல்லாம் இரண்டு மூன்று சரக்குகளை வைத்துப் பார்த்தவருடைய நிரல், ஒரே ஒரு சோப்புக்கட்டி வாங்கிய வாடிக்கையாளர் வந்த அன்று விழுந்துபோகும். அன்றியும், நடத்தப்படாத எழுத்து என்று நம்பிய எக்ஸ்எம்எல்லுக்குள்ளும் ஓர் ஏவல் ஒளிந்திருந்தது. ஒரு சுருக்கப்பெயரை வரையறுத்து, அது வரும் இடத்திலெல்லாம் விரித்துக்கொள் என்று எழுதலாம். அந்தச் சுருக்கப்பெயரைப் பத்து முறை கொண்டது வேறொரு சுருக்கப்பெயர், அதைப் பத்து முறை கொண்டது மற்றொன்று என்று ஒன்பது படி ஏறினால், ஒரு கிலோபைட் அளவுக்கும் குறைந்த கோப்பு நூறு கோடி பிரதிகளாக விரிந்து யந்திரத்தை மூர்ச்சிக்கச் செய்யும். நூறு கோடிச் சிரிப்பு என்று இந்தத் தாக்குதலுக்குப் பெயர்.

இப்போது ஜேசன் என்னும் தகவல் வடிவம் வருகிறது. 2001 ஏப்ரலில், சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பிரதேசத்தில் சிப் மார்னிங்ஸ்டார் என்பவருடைய வீட்டு மோட்டார் கொட்டகையில், அவரும் டக்ளஸ் கிராக்ஃபர்டும் முதல் ஜேசன் செய்தியை அனுப்பினார்கள். அது சென்ற விதம் கவனிக்கத் தக்கது. செய்தி தனித்துப் போகவில்லை. உலாவிகளின் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய நிரல் ஒன்றின் வயிற்றில் வைத்து அனுப்பினார்கள். உலாவி அந்த நிரலை ஓட்டினால் செய்தி வந்து சேரும். முதல் முயற்சி தோற்றது. செய்திக்குள் ஒரு மதிப்பின் பெயராக 'டூ', அதாவது 'செய்', என்ற ஆங்கிலச் சொல்லை இட்டிருந்தார்கள். ஜாவாஸ்கிரிப்டிலோ அந்தச் சொல் மொழியின் சொந்த உபயோகத்துக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டது. வாசிக்க வேண்டிய சொல்லை மொழி கட்டளையாக எடுத்துக்கொண்டு தடுக்கி விழுந்தது. ஒதுக்கிவைத்த சொற்களின் ஜாபிதாவை எல்லோரும் மனப்பாடம் செய்யும்படி வைப்பதைவிட, எல்லாப் பெயர்களையும் மேற்கோள் குறிக்குள் எழுதிவிடுவது என்று கிராக்ஃபர்ட் விதித்தார். இன்றும் ஜேசன் எழுதும் ஒவ்வொருவரும் பெயருக்கு இருபுறமும் இரட்டை மேற்கோள் இடுவது அன்றைய ஒரு சொல்லின் தடுக்கலால் வந்தது.

நான் அதை உண்டாக்கவில்லை, ஜாவாஸ்கிரிப்டில் ஏற்கனவே கிடந்ததைக் கண்டெடுத்தேன் என்றே கிராக்ஃபர்ட் சொல்லிவந்தார். அது அடக்கம் மட்டுமன்று, உண்மையும் கூட. நெளி அடைப்புக்குள் பெயரிட்ட அறைகள், பகர அடைப்புக்குள் வரிசைப் பட்டியல், அவற்றுக்குள் எழுத்துச் சரமோ, எண்ணோ, 'உண்டு', 'இல்லை', 'வெறுமை' என்பனவோ, அல்லது மறுபடியும் அடைப்போ: இவ்வளவே அதன் இலக்கணம். எக்ஸ்எம்எல்லில் இல்லாத பட்டியல்குறி இதில் இருந்தது. ஒரே சோப்புக்கட்டியானாலும் பகர அடைப்புக்குள் இருந்தால் பட்டியல்தான். பெர்லும், பைதான், ரூபி, பிஹெச்பி முதலான பிற ஸ்கிரிப்ட் மொழிகளும் தங்களிடம் இருந்த இரண்டே பாத்திரங்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்துவதைக் கண்டன. கிராக்ஃபர்டின் வாடிக்கையாளர்கள் மாத்திரம், இது நியமம் ஆகாததாயிற்றே என்று தயங்கினார்களாம். அதற்காகவே அவர் 2002-இல் ஓர் இணைய முகவரி வாங்கி, இலக்கணத்தை அங்கே எழுதி வைத்தார். நியமம் வேண்டுமா, இதோ நியமம்! 2005-க்குப் பிறகு, பக்கத்தை மாற்றாமலே உலாவி சேவையகத்தோடு பேசும் முறை பரவியபோது ஜேசனும் அதன் தோளில் ஏறிப் பரவிற்று. 2006 ஜூலையில் இணையப் பொறியாளர் குழாம் அதை ஓர் ஆவணமாக்கியது.

அந்த 2006 ஆவணமே வாசிப்புக்குச் சொன்ன வழி என்ன தெரியுமோ? எழுத்தில் ஐயத்துக்கு இடமான குறிகள் உண்டா என்று ஓர் உருவ விதியைக் கொண்டு சோதித்துவிட்டு, பிறகு 'இவால்' என்று நடத்தலாம் என்பதுதான். சோதனை இல்லாமலே நடத்தியவர்கள்தாம் அதிகம். ஜாவாஸ்கிரிப்டில் அது ஒரே வரிக் காரியம். சோம்பலுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? மற்ற மொழிகளுக்கு இந்தச் சபலம் அவ்வளவாக இல்லை. பைதானுக்கு ஜேசன் அந்நிய பாஷையாதலால் அது ஆரம்பத்திலிருந்தே எழுத்தெழுத்தாக அலகிட்டு வாசித்தது. பாப் இப்போலிடோ எழுதிய கருவி 2008 அக்டோபரில் வந்த பைதான் 2.6 பதிப்பில் மொழியோடு சேர்ந்துவிட்டது. தாய்மொழிக்காரன் அலட்சியத்தால் செய்யும் பிழையைப் பிறமொழிக்காரன் செய்யாதது போன்ற நிலைமை இது. 2009 டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்டின் ஐந்தாம் நியமம் ஜேசனை வாசிக்க மட்டும் செய்கிற, எதையும் நடத்தாத ஒரு கருவியை மொழிக்குள்ளேயே வைத்தது. கடிதத்தை வாசிக்கிற பையன் மாட்டின் கயிற்றைத் தொடாதிருக்கப் பழகினான்.

கிராக்ஃபர்ட் ஜேசனில் முதலில் குறிப்புரைக்கு இடம் வைத்திருந்து பின்னர் எடுத்துவிட்டதும் இதே காரணத்தின் சாயல் உடையது. சிலர் குறிப்புரைக்குள், வாசிக்கும் கருவிக்குக் கட்டளைகளை எழுதத் தொடங்கியதைக் கண்டு அவர் அதை அடைத்தார். நியாயந்தான், ஆனாலும் அமைப்புக் கோப்பில் இந்த எண்ணை ஏன் 30 என்று வைத்தேன் என்று ஒரு வரி எழுதி வைக்க முடியாமல் தவிக்கும்போது, உரையாசிரியர்களுக்கு மூலத்தின் ஓரத்தில் எழுத அனுமதியில்லை என்று விதித்துவிட்டாரே என்று நானும் நொந்துகொண்டதுண்டு. அவர் தம் கருவிகளின் உரிமப் பத்திரத்தில், இதை நன்மைக்கே பயன்படுத்துக, தீமைக்குப் பயன்படுத்தற்க என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். தர்மோபதேசம் சட்ட நிபந்தனையாக வந்தால் சங்கடம்தானே? சுதந்திர மென்பொருளாளர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். அந்த உரிமத்தின் கீழ் இருந்த பிஹெச்பியின் ஜேசன் பகுதியையே 2015-இல் ஏழாம் பதிப்பில் புதிதாக எழுதி மாற்ற வேண்டியதாயிற்று.

எண் விஷயத்திலும் ஜேசன் சொல்லாமல் விட்டது சில ஊறுகளை விளைத்தது. எண்ணை எப்படி எழுதுவது என்று மட்டும் சொன்னதே ஒழிய, எவ்வளவு பெரிய எண்ணைத் துல்லியமாகக் கொள்வது என்று சொல்லவில்லை. ஜாவாஸ்கிரிப்டின் எண்கள் 9007199254740992 என்ற எல்லையைத் தாண்டினால் கடைசி இலக்கங்களில் பிசகும். பைதானில் அப்படி இல்லை. ட்விட்டர் நிறுவனம் 2010-இல் தன் செய்திகளுக்கு 64 பிட் அடையாள எண்களைத் தர ஆயத்தம் செய்தபோது, அதே எண்ணை எழுத்துச் சரமாகவும் இன்னொரு பெயரில் கூட வைத்து அனுப்ப நேர்ந்தது இதனால்தான். வாசிக்கிற ஞாபகத்துக்கும் எல்லை உண்டு. பிஹெச்பி வேறு சொல்லாவிட்டால் 512 அடுக்குக்கு மேல் உள்ளே இறங்க மறுத்துவிடும். வேதாளம் அத்தனை கதை சொல்லுமா என்பது வேறு விஷயம்.

வாசித்து முடித்த பிறகு உள்ளே நடந்து போவதில் மொழிக்கு மொழி ஒரு சுபாவம் தெரிகிறது. ஜில்லா, தாலுகா, கிராமம், தெரு, கதவு எண் என்று ஒரு விலாசத்தைக் கொடுத்துத் தபால்காரரை அனுப்புகிறோம். அந்தக் கிராமத்தில் அப்படி ஒரு தெருவே இல்லை. பைதான் தபால்காரர் கிராம எல்லையில் நின்று, இந்தப் பெயரில் தெரு இல்லை என்று கூவி வேலையை நிறுத்திவிடுவார். ஜாவாஸ்கிரிப்ட் தபால்காரர், தெரு இல்லை என்பதை மனத்துக்குள் வைத்துக்கொண்டு, இல்லாத தெருவில் கதவு எண்ணைத் தேடும்போதுதான் விழுவார். எங்கே பிசகிற்று என்று சொல்லவும் அவருக்குச் சரியாக வராது. பெர்ல் தபால்காரர்தான் எல்லாரிலும் அதிசயமானவர். அந்தத் தெருவில் அப்படி ஒரு வீடு உண்டா என்று பார்த்துவரச் சொன்னால், வீடு இல்லை என்று சரியாகச் சொல்லிவிட்டு, பார்ப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று தெருவை மட்டும் உண்டாக்கி வைத்துவிட்டு வந்துவிடுவார். பார்வையே படைப்பாகும் இந்தக் குணம் ஐந்தாம் பெர்லில் இன்றும் இருக்கிறது. இடையில் எது இல்லாவிட்டாலும் ஆரவாரமின்றி 'இல்லை' என்று மட்டும் சொல்லித் திரும்பும் பணிவான தபால்காரரை ரூபி 2015 டிசம்பரிலும் ஜாவாஸ்கிரிப்ட் 2020-ஆம் வருஷத்து நியமத்திலும் நியமித்துக்கொண்டன. விலாசத்தையே ஒரு சிறு மொழியாக்கும் முயற்சிகளும் நடந்தன: எக்ஸ்எம்எல்லுக்கு 1999-இல் எக்ஸ்பாத், அதைப் பார்த்து ஸ்டெஃபான் கெஸ்னர் 2007-இல் எழுதிய ஜேசன்பாத், 2012-இல் ஸ்டீபன் டோலன் செய்த ஜேக்யூ. ஜேசன்பாத்துக்கு நியம முத்திரை கிடைத்தது 2024-இல்; பதினேழு வருஷம் மக்கள் ஆளுக்கொரு விதமாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தமிழில் எழுதிய தகவலை இந்த வழியில் அனுப்பியவர்கள் ஒரு கலக்கத்தை அனுபவித்திருப்பார்கள். பைதானிலிருந்து ஜேசனாக எழுதிய கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு தமிழெழுத்தும் இராது. ஆஸ்கி என்னும் ஆங்கில எழுத்து வரிசைக்கு வெளியே உள்ள எழுத்தையெல்லாம் பின்சாய்கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் நான்கு பதினறும இலக்கங்களுமாக மாற்றி எழுதுவது அந்தக் கருவியின் இயல்பான வழக்கம். 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல் யூனிகோடில் ஐந்து குறிகளாகி, ஒவ்வொன்றும் ஆறு எழுத்தாகி, மொத்தம் முப்பது எழுத்தாக நிற்கும். கெட்டுவிட்டதோ என்று பயந்து கோப்பை மறுபடி செய்தவர்கள் உண்டு. கெடவில்லை, மறுபடி வாசித்தால் தமிழ் தமிழாகவே வரும். எழுதும்போதே ஆஸ்கி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் கோப்பிலும் தமிழே தெரியும்.

ஜேசன் என்பது ஜாவாஸ்கிரிப்டின் உட்பிரிவு என்றே எல்லோரும் எழுதிவந்தார்கள். நானும் அப்படியே நம்பியிருந்தேன். அது அந்நாளில் முழு உண்மையன்று. வரி பிரிப்பதற்கும் பத்தி பிரிப்பதற்கும் யூனிகோடில் உள்ள இரண்டு அபூர்வக் குறிகள் ஜேசன் சரத்துக்குள் அப்படியே வரலாம். ஜாவாஸ்கிரிப்ட் சரத்துக்குள் வந்தால் அப்போது பிழை. கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டு குறிகளில் ஒன்று எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால், ஜேசன் என்ற அளவில் குற்றமற்ற எழுத்து, நிரலாக நடத்தும்போது உடைந்து விழும். 2019-ஆம் வருஷத்து நியமத்தில் ஜாவாஸ்கிரிப்ட் இறங்கிவந்து அந்த இரண்டு குறிகளையும் தன் சரங்களுக்குள் அனுமதித்தது. அன்றுதான் ஜேசன் இலக்கணம் முழுவதும் ஜாவாஸ்கிரிப்டுக்குள் அடங்கிற்று. ஜேசன் எழுத்தை அந்தக் குறிகளின் தடையின்றி 'இவால்' செய்து வாசிக்கலாம் என்ற நிலைமை வந்தது. அப்படி வாசிக்கிற வழக்கம் ஒழிந்து அதற்குள் பத்து வருஷமாகியிருந்தது.